பழைய உலகின் ஏழு அதிசயங்கள்: அந்தக் கல்லெல்லாம் எங்கே போச்சு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறேன். ஏழு அதிசயங்கள் என்று பேச்சை எடுத்தால் போதும், பிள்ளைகளை விடக் கூட வந்த அப்பா அம்மாக்களுக்குத்தான் சந்தேகம் அதிகம். அதுவும் வாரா வாரம் அதே சந்தேகங்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய்தான் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஏழு அதிசயம்னா தாஜ்மகால்தானே முதல்ல வரும்? உங்க லிஸ்ட்ல அதைக் காணோமே?

தாஜ்மகால் இருப்பது 2007 பட்டியலில். இணையத்திலும் தொலைபேசியிலும் மக்கள் போட்ட ஓட்டை எண்ணி, ஒரு தனியார் அமைப்பு அந்த ஆண்டு ஜூலை 7ஆம் தேதி லிஸ்பன் நகரில் அறிவித்த பட்டியல் அது. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று யுனெஸ்கோ அப்போதே சொல்லிவிட்டது. தாஜ்மகாலுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள் என்று இங்கே நடந்த அமர்க்களம் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

இந்தப் பக்கத்தில் நான் பேசுவது பழைய பட்டியலைப் பற்றி. ஷாஜகான் தாஜ்மகாலைக் கட்டியது 17ஆம் நூற்றாண்டில். அப்போதே எகிப்தின் பெரிய பிரமிடுக்கு வயது நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

சரி, அந்தப் பழைய ஏழு எதெது? இப்ப எத்தனை மிச்சம்?

எகிப்தில் கீசா பெரிய பிரமிடு, பாபிலோன் தொங்கும் தோட்டம், ஒலிம்பியாவில் ஜியஸ் சிலை, எபேசஸ் நகரின் ஆர்ட்டிமிஸ் கோயில், ஹாலிகார்னஸஸில் மன்னர் மௌசோலஸின் சமாதி, ரோட்ஸ் தீவின் பெரிய வெண்கலச் சிலை, அலெக்சாந்திரியா கலங்கரை விளக்கம்.

நிற்பது பிரமிடு மட்டும்தான். மற்ற ஆறும் போய்விட்டன. ஆனால் 'போய்விட்டன' என்பதைக் காற்றில் கரைந்த மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதிக்கு மேல் இன்னும் எங்கேயோ, வேறு ஏதோ கட்டடத்தின் சுவரில் இருக்கின்றன. கீழே ஒவ்வொன்றாக வருகிறேன்.

இந்த லிஸ்டை யாரு போட்டது? நம்ம நாட்டுல, சீனாவுல எல்லாம் ஒண்ணுமே இல்லையா அப்போ?

போட்டவர்கள் கிரேக்கர்கள். அலெக்சாந்தர் கிழக்கே படையெடுத்துப் போனதற்குப் பிறகு எகிப்தும் பாபிலோனும் கிரேக்கர்கள் தாராளமாகப் போய்வரும் இடங்களாகிவிட்டன. போய்வந்தவர்கள் எழுதிய 'கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியல்தான் இது. அவர்கள் முதலில் வைத்த பெயரே 'தேயாமதா', அதாவது பார்க்க வேண்டியவை. அதிசயம் என்ற பேச்சு அப்புறம் வந்தது. ஊட்டிக்குப் போகிறவர் கையில் பார்க்க வேண்டிய ஏழு இடம் என்று ஒரு தாள் இருக்குமே, அந்த மாதிரி. அதில் கொடைக்கானல் இல்லையே என்று கோபித்துக்கொள்ள முடியுமா? அவர்கள் சுற்றிய வட்டத்துக்குள் இருந்ததை எழுதினார்கள், அவ்வளவுதான். ஏழு என்ற எண்ணின் மேல் அவர்களுக்கும் நம்மைப் போலவே ஒரு பிரியம்.

ஒரு புக்ல பாபிலோன் மதில்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல கலங்கரை விளக்கம்னு இருக்கு. பரீட்சைக்கு எது சரி?

இரண்டுமே தப்பில்லை, ஏனென்றால் பட்டியலே ஒன்றில்லை. சீதோன் நகரத்துக் கவிஞர் அந்திப்பாத்தர் கி.மு. 2ஆம் நூற்றாண்டுவாக்கில் எழுதிய பாட்டில் பாபிலோனின் மதில் உண்டு, கலங்கரை விளக்கம் கிடையாது. ஆளுக்கு ஆள் ஒன்றைத் தூக்கி இன்னொன்றைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இன்று நாம் படிக்கும் ஏழு ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டுவாக்கில் நிலைத்தது. ஹீம்ஸ்கெர்க் என்ற டச்சு ஓவியரின் அச்சுப் படங்கள் அதைப் பரப்பின. பரீட்சையில் கலங்கரை விளக்கம் என்றே எழுதுங்கள்.

இந்த ஏழையும் ஒரே ஆள் ஒரே வாழ்நாள்ல பார்த்திருக்க முடியுமா?

முடியும், ஆனால் சரியான நேரத்தில் பிறந்திருக்க வேண்டும். ரோட்ஸ் சிலை ஏறக்குறைய கி.மு. 280இல் முடிந்து கி.மு. 226இல் விழுந்துவிட்டது. கலங்கரை விளக்கமும் கிட்டத்தட்ட அதே கி.மு. 280 வாக்கில் எழும்பியதுதான். ஆக ஏழும் சேர்ந்து நின்றது அந்த 50 சொச்சம் ஆண்டுகள் மட்டும், அதுவும் பாபிலோன் தோட்டம் என்று ஒன்று இருந்திருந்தால். அந்திப்பாத்தர் பாட்டு எழுதிய காலத்தில் ரோட்ஸ் சிலை ஏற்கெனவே தரையில் கிடந்தது.

பிரமிடு மட்டும் எப்படித் தப்பிச்சுது?

முழுசாகத் தப்பிக்கவில்லை. இன்று படத்தில் படிக்கட்டு மாதிரி கரடுமுரடாகத் தெரிகிறதே, அது உள்கல். அதன் மேல் துரா என்ற இடத்தில் வெட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை வழவழவென்று இழைத்துப் போர்த்தியிருந்தார்கள். அந்தக் கல்லை நைல் நதியில் படகேற்றிக் கொண்டுவந்த மேரர் என்ற மேஸ்திரியின் நாட்குறிப்பு 2013இல் செங்கடற்கரையில் கிடைத்தது. இந்தப் பிரமிடைக் கட்டிய குஃபு மன்னர் காலத்துப் பாப்பிரஸ் தாள், ஏறக்குறைய 4,500 ஆண்டுப் பழசு! வேற்றுக்கிரகவாசி வந்து கட்டினான் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த மேரர் பெயரைத்தான் சொல்வது. எத்தனை நாள், எத்தனை நடை என்றெல்லாம் கணக்கு எழுதி வைத்திருக்கிறார் மனுஷன்.

அந்த வெள்ளைப் போர்வை எங்கே போனது? கெய்ரோவுக்கு. 1303ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் கற்கள் தளர்ந்தன. பக்கத்திலேயே ஒரு நகரம் மசூதியும் கோட்டையுமாக வளர்ந்துகொண்டிருந்தது. இழைத்த கல் இலவசமாகக் கிடக்கும்போது புதிதாக யார் வெட்டுவார்கள்? 146 மீட்டராக இருந்த உயரம் இப்போது 138 சொச்சம்.

உள்கல் தப்பித்ததற்குக் காரணம் அதைப் பிரிப்பது கட்டுப்படியாகவில்லை என்பதுதான். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தை ஆண்ட சலாதீனின் மகன் அல் அஜீஸ் பிரமிடுகளை இடிக்கச் சொல்லி ஆளனுப்பினார். கீசாவின் மூன்று பெரிய பிரமிடுகளில் சின்னதான மென்கௌரே பிரமிடில் ஆரம்பித்து எட்டு மாதம் மல்லுக்கட்டினார்கள், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கல் தான் பெயர்ந்தது. கீழே விழுந்த கல்லும் மணலில் புதைந்துகொள்ள, அதைத் தோண்டி எடுப்பது தனி வேலை. கடைசியில் கைவிட்டுப் போய்விட்டார்கள். வடக்கு முகத்தில் அவர்கள் போட்ட பிளவு இன்னும் இருக்கிறது.

ரோட்ஸ் சிலை ரெண்டு காலையும் அகட்டி நிக்க, நடுவுல கப்பல் போகுமாமே?

படத்துக்கு நன்றாக இருக்கும், நடந்திருக்காது. 33 மீட்டர் உயரச் சிலை, துறைமுக வாயின் இரண்டு கரையிலும் காலை வைத்து நின்றால் அந்த எடையை இடுப்பு தாங்காது. கட்டி முடிக்க 12 ஆண்டு ஆனது, அத்தனை நாளும் துறைமுகத்தை மூடி வைக்க ஒரு வணிகத் தீவு சம்மதிக்குமா? அதெல்லாம் போகட்டும், அப்படி நின்றிருந்தால் விழுந்தபோது தண்ணீருக்குள் விழுந்து வழியை அடைத்திருக்கும். பழைய ஆசிரியர்களோ அது தரையில் கிடந்ததைப் போய்ப் பார்த்ததாக எழுதுகிறார்கள். கால் அகட்டிய படம் பிற்காலத்துப் பயணிகளின் கதையிலிருந்து வந்தது.

சிலைக்கான பணம் வந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கி.மு. 305இல் டெமட்ரியஸ் என்ற தளபதி தீவை முற்றுகையிட்டு, ஒரு வருஷம் முட்டி மோதிப் பார்த்து, முடியாமல் திரும்பிப் போனார். அவர் விட்டுப்போன முற்றுகை இயந்திரங்களை விற்ற காசில்தான் லிண்டோஸ் ஊர்ச் சிற்பி காரெஸ் இந்தச் சூரியக் கடவுள் சிலையைச் செய்தார்.

விழுந்ததைத் தூக்கி நிறுத்த வேண்டியதுதானே? ஏன் விட்டுட்டாங்க?

பணம் தர ஆள் இருந்தது. எகிப்து மன்னர் மூன்றாம் தாலமி தருகிறேன் என்றார். தெய்வவாக்கு வேண்டாமென்று தடுத்ததால் ரோட்ஸ்காரர்கள் நிறுத்தவில்லை என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். முழங்காலில் முறிந்து கிடந்த சிலையே அப்புறம் பார்வையாளர்களை இழுத்தது. கட்டைவிரலைச் சுற்றிக் கைகோக்கவே சிலரால்தான் முடியும் என்று கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார்.

கி.பி. 653 வாக்கில் அரபுப் படை தீவைப் பிடித்து, வெண்கலத்தை எடெஸ்ஸா நகரத்து யூத வணிகர் ஒருவருக்கு விற்றதாகவும், அவர் 900 ஒட்டகத்தில் ஏற்றிப் போனதாகவும் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) வரலாற்றாசிரியர் தியோபனஸ் சொல்கிறார். ஆனால் அவர் எழுதியது சம்பவத்துக்கு ஏறக்குறைய 150 ஆண்டு கழித்து. அந்த 900ஐ அப்படியே நம்ப எனக்கு மனசில்லை. அத்தனை வெண்கலம் 800 சொச்சம் ஆண்டு வெளியில் கிடந்தும் யாரும் கை வைக்கவில்லை என்றால், அது ரோட்ஸ் அல்ல, வேறு ஏதோ உலகம்.

பேர் வாங்கறதுக்காக ஒருத்தன் கோயிலையே கொளுத்தினான்னு சொல்றாங்களே, அது எது?

எபேசஸ் ஆர்ட்டிமிஸ் கோயில். தமிழ் பைபிளில் 'எபேசியருடைய தியானாளே பெரியவள்' என்று கூட்டம் கத்துகிறதே, அந்தத் தியானாள்தான் இந்த ஆர்ட்டிமிஸ். கி.மு. 356இல் ஹெரோஸ்திராதஸ் என்பவன் கொளுத்தினான், தன் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காக. அவன் பெயரையே யாரும் சொல்லக்கூடாது என்று ஊர் தடை போட்டது. நான் இப்போது எழுதியிருக்கிறேன், நீங்கள் படித்துவிட்டீர்கள், தடையின் லட்சணம் அவ்வளவுதான்.

ஆனால் கோயிலின் கதை அதோடு முடியவில்லை. பைபிளில் வருவதே அதன் பிறகு மறுபடி கட்டிய கோயில். செலவை நான் தருகிறேன் என்று அலெக்சாந்தர் சொன்னபோது, ஒரு கடவுள் இன்னொரு கடவுளுக்குக் காணிக்கை தருவது அழகல்ல என்று நாசூக்காக மறுத்தார்களாம். 127 தூண், ஒவ்வொன்றும் 18 மீட்டர் என்பது பிளினி தரும் கணக்கு. கி.பி. 260களில் கோத் என்ற இனத்துப் படையினர் கொள்ளையடித்தார்கள். அப்புறம் கிறிஸ்தவம் வந்தது, வழிபாடு நின்றது, சலவைக்கல்லை ஊரார் எடுத்தார்கள், மிச்சத்தை ஆற்றுச் சேறு மூடியது. எங்கே இருந்தது என்பதே மறந்துபோனது. 1863இல் தேட ஆரம்பித்த ஆங்கிலேயர் ஜான் டர்ட்டில் உட், கோயில் ஊர்வலம் எந்த வாசல் வழியாக வரும் என்று சொல்லும் ஒரு கல்வெட்டை எபேசஸ் நாடக அரங்கில் கண்டெடுத்து, அந்த வாசலைப் பிடித்து, சாலையைப் பிடித்து, 1869 டிசம்பர் 31 அன்று தரைத்தளத்தைத் தொட்டார். ஆறு மீட்டர் ஆழத்தில்.

ஜியஸ் சிலை தங்கம், தந்தம்ங்கறாங்க. யார் அடிச்சுக்கிட்டுப் போனது?

மரச்சட்டத்தின் மேல் தந்தத் தகடும் தங்கமும் பொருத்தி ஃபிடியாஸ் செய்த, 12 மீட்டர் உயரம் உட்கார்ந்த சிலை. எழுந்து நின்றால் கூரை போய்விடும் என்று ஸ்ட்ராபோ கிண்டலடித்திருக்கிறார். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய வழிபாடு தடையானதும் கோயில் பாழடைந்தது. சிலையைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) கொண்டுபோய் லாசஸ் என்ற செல்வரின் மாளிகையில் வைத்ததாகவும், கி.பி. 475 வாக்கில் நகரில் பரவிய தீயில் அது எரிந்ததாகவும் பைசாந்தியர்கள் எழுதுகிறார்கள். துண்டு கூடக் கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறு. 1950களில் ஒலிம்பியாவில் ஃபிடியாஸின் பட்டறையைத் தோண்டினார்கள். உடைமடிப்பு வார்க்கும் களிமண் அச்சுகள், கருவிகள், அடியில் 'நான் ஃபிடியாஸுக்குச் சொந்தம்' என்று கீறிய ஒரு சின்ன மண்குவளை. சிலை போய்விட்டது, சிற்பி தண்ணீர் குடித்த குவளை இருக்கிறது.

மௌசோலஸ் சமாதியையும் கொள்ளைக்காரங்கதான் உடைச்சாங்களா?

இல்லை, சிலுவைப் போர் வீரர்கள், அதாவது ரோட்ஸில் இருந்த புனித ஜான் சபை வீரர்கள். கி.மு. 353இல் இறந்த மௌசோலஸுக்கு ஆர்ட்டிமிசியா எழுப்பிய 45 மீட்டர் சமாதி. அவள் அவருக்கு மனைவி, உடன்பிறந்த தங்கையும் கூட. அந்த அரச குடும்பத்து வழக்கம் அது. மன்னர் பெயரிலிருந்து வந்ததுதான் மௌசோலியம் என்ற சொல். தாஜ்மகாலையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நிலநடுக்கங்களில் மேல்பகுதி சரிந்து கிடந்தது. அந்த வீரர்கள் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலிகார்னஸஸில், அதாவது இன்றைய துருக்கியின் போத்ரும் ஊரில், கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். 1522இல் துருக்கியர் படை வருகிறது என்று கோட்டையைப் பலப்படுத்தியபோது சமாதியின் அடிக்கட்டு வரை பெயர்த்தார்கள். நல்ல கல் சுவருக்கு, சலவைக்கல் சுண்ணாம்புக் காளவாய்க்கு. ஆம், சிற்பத்தை எரித்துச் சுண்ணாம்பாக்கி அந்தச் சுண்ணாம்பைச் சாந்தாகப் பூசினார்கள். அந்தக் காலத்துச் சிலைகளுக்குப் பெரிய எமன் வாளோ தீயோ அல்ல, காளவாய்தான். நிலவறையைத் திறந்து, உள்ளே இருந்த சிற்பங்களைப் பார்த்து அசந்துபோய், பிறகு அதையும் உடைத்தார்கள் என்று 1581இல் அச்சான ஒரு பிரெஞ்சுக் குறிப்பு சொல்கிறது. அசந்துபோய் உடைத்தார்கள் என்ற இடத்தில் எனக்கு எப்போதும் வயிறு எரியும்.

அலெக்சாந்திரியா கலங்கரை விளக்கத்துல கண்ணாடி வச்சு எதிரிக் கப்பலை எரிச்சாங்களாமே?

கட்டுக்கதை. மேலே ஒரு கண்ணாடி இருந்ததாகப் பிற்கால ஆசிரியர்கள் சொல்கிறார்கள், எரித்தது கற்பனை. இந்த விளக்கத்துக்கு எரிப்பது வேலையே அல்ல. நம் மொழியில் 'கரைதல்' என்றால் அழைத்தல். கலத்தைக் கரையும் விளக்கம், கப்பலைக் கூப்பிடும் விளக்கு. ஃபாரோஸ் தீவில் நின்ற இதுவும் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்து, தட்டையான கரையைத் தேடி வருகிற மாலுமிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிரெஞ்சிலும் இத்தாலியிலும் இன்றைக்கும் கலங்கரை விளக்கத்துக்குப் பெயர் அந்தத் தீவின் பெயர்தான்.

1,500 ஆண்டுக்கு மேல் நின்றதென்றால் கட்டுமானம் எப்படி இருந்திருக்கும்! பிரமிடுக்குச் சொன்ன அதே 1303 நிலநடுக்கம்தான் இதையும் முறித்தது. மொராக்கோ பயணி இப்னு பதூதா 1326இல் போனபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது, 1349இல் மறுபடி போனபோது உள்ளே நுழையவே முடியவில்லை. 1477இல் சுல்தான் காயித்பே அதே இடத்தில் கோட்டை கட்டத் தொடங்கினார், எந்தக் கல்லை வைத்து என்று இந்நேரம் நீங்களே சொல்லிவிடுவீர்கள். கடலுக்குள் விழுந்தவற்றை 1994 முதல் பிரெஞ்சு முக்குளிப்பாளர்கள் கணக்கெடுத்தார்கள். சில கற்கள் 70 டன்னுக்கும் மேல்.

தொங்கும் தோட்டம் நிஜமாவே இருந்துதா?

இதற்குத்தான் நான் வினாடி வினாவில் மதிப்பெண் வைப்பதில்லை. தோட்டத்தைக் கட்டியதாகச் சொல்லப்படும் பாபிலோன் மன்னர் நேபுகாத்நேச்சார், தான் கட்டிய மதில், கோயில், அரண்மனை எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகக் கல்வெட்டில் பீற்றிக்கொண்டவர். அதில் தோட்டம் பற்றி ஒரு வரி இல்லை. பாபிலோனை விவரித்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் சொல்லவில்லை. 1899 முதல் 18 ஆண்டு அங்கே தோண்டிய ஜெர்மானியத் தொல்லியலாளர் கோல்டவே ஒரு வளைவுக் கூரைக் கட்டடத்தைக் காட்டி இதுதான் என்றார். அது சரக்கறை என்பது பிறகு வந்த பலரின் கருத்து. மலைநாட்டு மனைவிக்காகக் கட்டினார் என்ற கதை எழுத்தில் வருவதே நேபுகாத்நேச்சார் காலத்துக்கு வெகு பின்னால்.

ஸ்டெபனி டாலி என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் வேறு விதமாகச் சொல்கிறார்: தோட்டம் உண்டு, ஊர்தான் தப்பு. அது நினிவேயில் அசீரிய மன்னர் சனகெரிப் அமைத்தது, கிரேக்கர்கள் குழப்பிக்கொண்டார்கள் என்பது அவர் வாதம். சனகெரிப் தன் தோட்டத்தைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறார், மலையிலிருந்து நினிவேக்குத் தண்ணீர் கொண்டுவந்த கல் கால்வாய்ப் பாலம் ஜெர்வான் என்ற இடத்தில் இன்றும் கிடக்கிறது. எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கு அந்தப் பாலம் கண்ணெதிரே இருப்பதால் டாலி பக்கம் கொஞ்சம் சாய்வு.

எல்லாத்தையும் வெள்ளைக்காரன்தானே லண்டனுக்குத் தூக்கிட்டுப் போனான்?

மிஞ்சியதில் நல்லதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதே சரி. மௌசோலஸ் சமாதியின் சிற்பப் பட்டைகளைக் கோட்டைச் சுவரிலிருந்து 1846இல் பெயர்த்தெடுத்தார்கள், பத்து ஆண்டு கழித்து ஆங்கிலேயத் தொல்லியலாளர் சார்லஸ் நியூட்டன் தோண்டி இன்னும் கொண்டுபோனார். எபேசஸ் தூணின் செதுக்கிய அடிப்பகுதியும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான். துருக்கியில் திருப்பிக் கேட்கும் குரல் நியாயமானது என்பது என் எண்ணம். ஆனால் இந்த ஆறும் அழிந்ததற்கு லண்டன் காரணமில்லை. மேலே படித்தீர்களே, பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கொத்தனார்கள்தான் காரணம். பாபிலோனும் அப்படியே: அதன் செங்கல் பக்கத்து ஹில்லா ஊர் வீடுகளில் இருக்கிறது.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு இருக்கு. பிரமிடைத் தவிர எதைப் போய்ப் பார்க்கலாம்?

நானே இதில் பெரும்பாலானவற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், இருந்தாலும் கேட்டதற்காகச் சொல்கிறேன். ரோட்ஸில் சிலையின் தடயமே இல்லை, துறைமுக வாயில் மான் சிலைகள்தான். ஒலிம்பியாவில் தூண்கள் விழுந்து வடைச்சட்டியில் அடுக்கிய மாதிரி வட்ட வட்டமாகக் கிடக்கின்றன. பாபிலோனில் சதாம் உசேன் தன் பெயர் பொறித்த செங்கல்லால் எழுப்பிய புதுச் சுவர்கள்.

என்னைக் கேட்டால் துருக்கிக்குப் போங்கள், ஒரே பயணத்தில் இரண்டு. போத்ருமில் சமாதி இருந்த பள்ளத்தை முதலில் பாருங்கள், பிறகு கோட்டைக்கு நடந்து போய் அதே கல்லைச் சுவரில் தேடுங்கள். அப்புறம் எபேசஸ். 127 தூண் நின்ற இடத்தில், கிடைத்த துண்டுகளை ஒட்டி நிறுத்திய ஒரே ஒரு தூண் நிற்கிறது. அதன் உச்சியில் நாரை கூடு கட்டியிருக்கும்.